கோசி ஆற்றின் நடுவே ஒரு தடுப்பூசிப் பெட்டி

முதல் நாள், திங்கள்: பாட்னாவிலிருந்து சஹர்சா

சென்னையிலிருந்து சங்கமித்ரா விரைவு ரயிலில் இரண்டு இரவுகள் பயணம் செய்து நேற்று முன்தினம் பாட்னா வந்து சேர்ந்தேன். ஒரு நாள் ஓய்வுக்குப் பின், இன்று காலை தங்கை மகளுடன், கோசி ஆற்றுப் பகுதியிலுள்ள சஹர்சாவுக்கு ரயில் ஏறினேன். அவள் மருத்துவர், குழந்தைகளுக்கான தடுப்பூசிப் பணியில் ஈடுபட்டுள்ள ஓர் அமைப்புக்காக நான்கு ஆண்டுகளாகப் பீகாரில் வேலை பார்க்கிறாள். நான் தமிழ்நாடு பொது சுகாதாரத் துறையில் இருபத்தொன்பது ஆண்டுகள் ரெஃப்ரிஜிரேஷன் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு குழந்தைக்கும் நான் ஊசி போட்டதில்லை. ஊசி மருந்து 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் இடையில் கெடாமல் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டுமே என் வேலை. அந்தக் கர்வம் எனக்குச் சற்று அதிகம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அவள், "மாமா, உங்கள் ஐ.எல்.ஆர். குளிர்பெட்டிகள் இங்கேயும் நன்றாகத்தான் ஓடுகின்றன, அதற்கு அப்புறம் என்ன நடக்கிறது என்று வந்து பாருங்கள்" என்று மூன்று ஆண்டுகளாக அழைத்துக்கொண்டே இருந்தாள்.

மொகாமாவில் கங்கையைக் கடக்கும்போது அவள் எனக்குச் சில எண்களைச் சொன்னாள். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 12 முதல் 23 மாதக் குழந்தைகளில் அடிப்படைத் தடுப்பூசிகள் அனைத்தையும் பெற்றவர்கள் 2005-06இல் பீகாரில் 32.8 விழுக்காடு, 2015-16இல் 61.7, 2019-21இல் 71. பதினைந்து ஆண்டுகளில் இரு மடங்குக்கும் மேல் உயர்ந்த ஒரு மாநிலத்தைப் பின்தங்கிய மாநிலம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது நியாயமல்ல. ஆனால் தட்டம்மைக்கு 71 போதாது. அம்மை கண்ட ஒரு குழந்தை, நோய் எதிர்ப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் 12 முதல் 18 பேருக்கு அதைக் கொடுத்துவிடும். எனவே 95 விழுக்காட்டினர் இரண்டு டோஸ்களையும் பெற்றிருந்தால்தான் அது பரவாமல் நிற்கும். மாநிலம் முழுவதற்குமான சராசரி எண்ணில் ஆற்றுக்குள் இருக்கும் ஊர்கள் தெரிவதில்லை. நாங்கள் போவது அந்த ஊர்களுக்குத்தான்.

மான்சி சந்திப்பைத் தாண்டியதும் இருபுறமும் வெள்ளம் வடிந்த சதுப்பும் வெள்ளை நாணற்பூக்களும் மட்டுமே கண்ணில் பட்டன. வழியில் தமாரா காட் என்ற சிறு நிலையம் வந்தது. 2013 ஆகஸ்டில் கோயிலுக்கு வந்த பக்தர்கள் தண்டவாளத்தைக் கடக்கும்போது விரைவு ரயில் மோதிப் பலர் இறந்த இடம் அது. அந்த ஊருக்கு ஒழுங்கான சாலை கிடையாது. தண்டவாளமே அவர்களுக்கு நடைபாதையாகவும் இருந்தது. சாலை இல்லை என்ற சொற்களுக்கு இந்தப் பகுதியில் என்ன பொருள் என்பதை அந்த நிலையம் எனக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டது.

இரண்டாம் நாள், செவ்வாய்: குளிர் அறை

சஹர்சாவுக்கு மேற்கே மஹிஷி என்னும் ஊர் இருக்கிறது. ஆதிசங்கரரோடு வாதிட்ட மண்டன மிஸ்ரரின் ஊர் என்று இங்குள்ளவர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். உக்ரதாரா கோயிலை வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டு, நாங்கள் தங்கப்போகும் வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்றோம். அந்த வட்டாரத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே என்னிடம் மனம் விட்டுப் பேசியவர்கள் எல்லோரும் அரசுப் பணியாளர்கள்.

குளிர் அறைக்குள் நுழைந்ததும், ஓய்வு பெற்றதையே மறந்துவிட்டேன். இரண்டு ஐ.எல்.ஆர்.கள், ஒரு டீப் ஃப்ரீசர், ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்டெபிலைசர், காலையும் மாலையும் வெப்பநிலை குறித்த பதிவேடு. ஐ.எல்.ஆர். என்பது மேல்பக்கம் திறக்கும் பெட்டி. சுவர்களைச் சுற்றிப் பனிக்கட்டியோ குளிர்ந்த நீரோ இருப்பதால், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் மின்சாரம் வந்தாலே உள்ளே குளிர் குறையாது. இங்கே எட்டு மணி நேரத்துக்கும் மேலாகவே வருகிறது. பெட்டிக்குள் இருந்த உணரி ஈ-வின் என்னும் வலைத்தளத்துக்கு வெப்பநிலையை அனுப்பிக்கொண்டே இருந்தது. நான் குறை கண்டுபிடிக்க முயன்றேன். தட்டம்மை-ரூபெல்லா மருந்தின் கரைப்பான் புட்டிகள் வெளியே அலமாரியில் இருக்குமோ என்று பார்த்தேன். அவையும் ஐ.எல்.ஆர்.க்குள்தான் இருந்தன. கரைப்பானும் மருந்தும் ஒரே குளிரில் இருக்க வேண்டும் என்பதற்காக, முந்தைய நாளே உள்ளே வைத்துவிடுவதாகப் பொறுப்பாளர் சொன்னார். தங்கை மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

இந்தியாவில் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் தொடங்கியது 1978இல். தட்டம்மைத் தடுப்பூசி அதில் சேர்ந்தது 1985இல். இரண்டாவது டோஸ் வந்தது 2010இல். ரூபெல்லாவும் சேர்ந்த ஊசி 2017 பிப்ரவரியில் முதலில் தமிழ்நாடு, கர்நாடகம் உள்ளிட்ட மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகள் என மொத்தம் ஐந்தில் இயக்கமாகத் தொடங்கியது. இப்போது முதல் டோஸ் 9 மாதம் முடிந்ததும், இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். மருந்து போதுமான அளவு இருக்கிறது. அதற்குக் காசு வாங்குவதில்லை. அப்படியிருக்க, ஏன் சில குழந்தைகளுக்கு அது போய்ச் சேரவில்லை?

அன்று மாலை செவிலியர், அதாவது இங்கே எல்லோரும் ஏ.என்.எம். தீதி (அக்கா) என்று அழைப்பவர், அதற்குத் தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார். தட்டம்மை மருந்து உலர்ந்த தூளாக வருகிறது. தூளாக இருக்கும்வரை அது ஓரளவு தாங்கும். கரைப்பானைச் சேர்த்த நொடியிலிருந்து நான்கு மணி நேரம்தான் அதற்கு ஆயுள். அதற்குப் பிறகு மீதியைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். அதில் கிருமிகள் வளராமல் தடுக்கும் பொருள் எதுவும் இல்லாததால், கலந்துவைத்த புட்டியை மறுநாளுக்கு வைத்திருப்பது உயிருக்கே ஆபத்து. இது எனக்கு முப்பது ஆண்டுகளாகத் தெரிந்த விதிதான். எங்கள் மாவட்டத்தில் நான்கு மணி நேரம் என்பது தாராளமான நேரம். அவருடைய வேலைத் திட்டத்தை வாசித்தபோதுதான், அதே நான்கு மணி நேரம் இன்னோர் இடத்தில் எவ்வளவு சுருங்கிவிடும் என்பது புரிந்தது.

மூன்றாம் நாள், புதன்: பாந்தின் உள்ளே

பீகாரில் புதனும் வெள்ளியும் தடுப்பூசி நாட்கள். காலை ஏழரை மணிக்கு ஐஸ் பேக்குகளை ஃப்ரீசரிலிருந்து எடுத்து மேசையில் பரப்பினார்கள். காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசையும் ஓசை கேட்க வேண்டும். அதன் பிறகே கேரியர் என்னும் தடுப்பூசிக் கைப்பெட்டியில் அடுக்கலாம். நேராக உறைந்த நிலையில் அடுக்கினால் பென்டாவேலன்ட் போன்ற திரவ மருந்துகள் உறைந்து வீணாகிவிடும். நானும் இரண்டு பேக்குகளைக் குலுக்கிப் பார்த்தேன். கூரியர் என்று அழைக்கப்படும் இளைஞர் நான்கு கேரியர்களை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு எட்டரை மணிக்குக் கிளம்பினார். நாங்கள் பின்னால் ஜீப்பில் சென்றோம்.

கோசி இமயமலையிலிருந்து அளவுக்கு மீறிய வண்டலைச் சுமந்து வந்து, தன் படுகையைத் தானே மேடாக்கி, ஏறத்தாழ 250 ஆண்டுகளில் 120 கிலோமீட்டர் மேற்கே நகர்ந்த ஆறு. அதை அடக்க 1955இல் இருபுறமும் கரைகள் எழுப்பத் தொடங்கினார்கள், பாந்த் என்கிறார்கள். வெளியே இருந்த ஊர்களுக்கு அது காவல். ஆனால் இரு கரைகளுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான ஊர்கள் மாட்டிக்கொண்டன. அவற்றில் இருப்பவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஆறு வீட்டுக்குள்ளேயே வருகிறது. 2008 ஆகஸ்டில் நேபாளத்துக் குசஹாவில் கரை உடைந்தபோது வெளியே இருந்தவர்களின் துயரத்தை உலகமே பார்த்தது. உள்ளே இருப்பவர்களின் நிலை அப்படிச் செய்தியாவதில்லை. சுகாதாரத் துணை நிலையம் ஒன்றை அங்கே கட்டினாலும், அடுத்த வெள்ளத்தில் அது நிற்குமா என்று யாராலும் உறுதி கூற இயலாது.

நான் என் குறிப்பேட்டில் நேரத்தை மட்டும் எழுதிக்கொண்டே போனேன். 9.40க்குப் படித்துறை. படகோட்டி கால்நடைத் தீவனம் ஏற்றி முடிக்கும்வரை காத்திருப்பு. 10.25க்குப் படகு கிளம்பியது. மணல் திட்டில் இறங்கி, முழங்காலளவு நீரில் கேரியரைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு கிளையாற்றைக் கடந்து, மீண்டும் இன்னொரு சிறு படகு. 12.05க்கு ஊர். மூங்கில் தட்டியால் அமைந்த அங்கன்வாடியின் முன் பாய் விரித்து, 12.20க்குத் தீதி முதல் புட்டியில் கரைப்பானைச் சேர்த்தார். புட்டியின் மேல் அந்த நேரத்தையும் எழுதினார். விதிப்படி அது 4.20 வரை செல்லும். ஆனால் நவம்பரில் இங்கே ஐந்து மணிக்கே இருட்டிவிடும். பனிமூட்டம் இறங்கினால் படகோட்டி துறையை விட்டு நகர மாட்டார். கடைசிப் படகு 3.30க்கு. அதனால் கையில் இருந்தது மூன்று மணி பத்து நிமிடம். அதில் முதல் ஒரு மணி நாற்பது நிமிடமும் ஊரில் தாய்மார்கள் இல்லை. அறுவடை நடந்துகொண்டிருந்தது, நெல் அறுக்கப்போன பெண்கள் இரண்டு மணிக்குத்தான் திரும்புவார்கள். காலையிலேயே வீட்டில் இருந்து காத்திருந்தால் அன்றைய கூலி நெல் போய்விடும்.

ஊர்ச் சுகாதார ஊழியரான ஆஷா தீதியின் பட்டியலில் அன்று தட்டம்மை ஊசிக்குரிய குழந்தைகள் பதினொருவர். ஒரு மணிக்குள் வந்தவர்கள் மூவர், எல்லோரும் பாட்டிமாருடன். இரண்டு மணிக்குப் பிறகு இருவர். வலது மேற்கையில், தோலுக்குக் கீழே, அரை மில்லி. கூடவே முதல் டோஸ் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ கரைசல் ஒரு மில்லி. ஐந்து டோஸ் புட்டி அத்தோடு முடிந்தது. 2.50க்கு ஒரு பெண், புடவை முனையில் வைக்கோல் ஒட்டியபடி, பத்து மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

தீதி ஒரு கணம் தயங்கினார். ஒரே ஒரு குழந்தை வந்தாலும் புதிய புட்டியைத் திறக்க வேண்டும் என்பதே அரசின் விதி. ஆனால் மாத முடிவில் வீணான டோஸ்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்ட வேண்டியவர் அவர்தான். கூட்டத்தில் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். இதே தயக்கத்தை எத்தனை செவிலியர்களின் முகத்தில் பார்த்திருக்கிறேன்! நாங்களும் ஒரு காலத்தில் வீணாகும் டோஸ்களை மட்டுமே கணக்கு கேட்டோம். அந்தப் புட்டியைத் திறக்காததால் திரும்பிப் போன குழந்தைகளைப் பற்றி எங்கள் படிவத்தில் கட்டமே இருந்ததில்லை. தீதி பெட்டியைத் திறந்தார். இரண்டாவது புட்டியில் ஒரு டோஸ் போக நான்கு டோஸ்களுடன் 3.25க்கு நாங்கள் படகில் ஏறினோம். பதினொருவரில் ஐந்து பேர் வரவில்லை. அவர்களில் இருவர் தாயோடு தாய்வீடு போயிருக்கிறார்கள், மூவரின் வீடு இன்னொரு கிளையாற்றுக்கு அப்பால்.

தலைநகரங்களில் நடக்கும் கூட்டங்களில் இதற்குப் 'பெற்றோரின் தயக்கம்' என்று பெயர். நான் இன்று பார்த்த தயக்கம் படிவத்துக்குப் பயந்த தயக்கம் ஒன்றே.

நான்காம் நாள், வியாழன்: தமிழில் ஓர் அட்டை

இன்று ஊசி இல்லை. வீடு வீடாகச் செல்லும் நாள். பாந்தின் மேலேயே வெள்ளத்துக்குப் பயந்து குடியேறிய முசஹர் டோலா, அதாவது குடியிருப்பு, ஒன்றுக்கு ஆஷா தீதியுடன் போனோம். முசஹர்கள் நிலமற்ற கூலிகள். பீகார் அரசு மகாதலித் என்று வகைப்படுத்தியுள்ள மக்களில் ஒரு பிரிவினர். வரிசையாகத் தாழ்ந்த குடிசைகள், நடுவே ஒரே ஒரு அடிகுழாய்.

ஒரு பாட்டியம்மாளிடம் என் தங்கை மகள் அம்மையைப் பற்றிக் கேட்டாள். "மாதா வருவாள், ஒன்பது நாளில் போவாள்" என்றார் அவர். வேப்பிலையால் விசிறுவோம், வீட்டில் தாளிக்க மாட்டோம், வெளியாட்களை விட மாட்டோம் என்று அடுக்கினார். நான் இதைக் கேட்கப் பீகார் வரை வந்திருக்கத் தேவையில்லை. என் அம்மாவும் மணல்வாரி அம்மை கண்ட என்னை வேப்பிலையில் படுக்க வைத்து, தாயே இறங்கி வந்துவிட்டாள் என்றுதான் சொன்னார். நோயைத் தாய் என்று அழைப்பவர்கள் தடுப்பூசியின் எதிரிகள் என்று கருதுவது தவறு. அந்தப் பாட்டியம்மாள் தன் பேரக் குழந்தையின் அட்டையைப் பாலித்தீன் உறையில் போட்டு, மாதாவின் படத்துக்குப் பின்னாலேயே செருகி வைத்திருந்தார். அவருடைய இரண்டு குழந்தைகள் ஒரே மாதத்தில், அம்மை இறங்கிய பிறகு, வயிற்றுப்போக்கிலும் இளைப்பிலும் இறந்ததாகச் சொன்னார். மாதா கோபித்துக்கொண்டாள் என்று அவர் நினைக்கிறார். தட்டம்மை உடலின் பழைய எதிர்ப்பு நினைவையே அழித்துவிடுகிறது. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், ஊசி போடாத நெதர்லாந்துக் குழந்தைகள் நோய்க்குப் பின் தங்கள் எதிர்ப்புப் புரதங்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை இழந்திருந்தனர். நல்ல உணவு உண்ட குழந்தைகளுக்கே அந்த நிலை என்றால், இந்த டோலாவில் அம்மை இறங்கிய பின் வரும் நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் என்ன செய்திருக்கும் என்பதை அவர் வேறு சொற்களில் சொல்லிவிட்டார்.

ஆஷா தீதி ஒரு கதவில் மங்கிப்போன சாக்பீஸ் எழுத்தைக் காட்டினார். போலியோ காலத்து வழக்கம் இன்னும் தொடர்கிறது: எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்து கொடுத்துவிட்டால் வீட்டில் P, யாராவது விடுபட்டால் X. போலியோ ஒழிப்பில் இந்தக் கோசிப் பகுதியும் உலகத்துக்கே தலைவலியாக இருந்தது. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் ஆபத்து மிகுந்தவையாகக் குறிக்கப்பட்ட 107 வட்டாரங்களில் 41 பீகாரில் இருந்தன. மணல் திட்டுகளில் கூடாரம் போட்டுத் தங்கி, ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு குடிசையையும் தேடிப் போனார்கள். பீகாரின் கடைசி போலியோ நோயாளி 2010இலும், இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் ஹௌராவிலும் பதிவானார்கள். "அதைச் செய்தவர்களுக்கு இது முடியாதா?" என்று நான் தங்கை மகளிடம் கேட்டேன். போலியோ இரண்டு சொட்டு. பயிற்சி பெற்ற யார் வேண்டுமானாலும் வாசலில் நின்றே வாயில் விடலாம். தட்டம்மைக்குச் செவிலியர் வேண்டும், ஒரு முறை மட்டும் பயன்படும் சிரிஞ்சு வேண்டும், ஊசி வெட்டும் கருவி வேண்டும், போட்ட பின் அரை மணி நேரம் குழந்தையைக் கவனிக்க வேண்டும். குழந்தையைத் தேடி நடக்கும்போதும் நான்கு மணி நேரக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அவள் இதை விளக்கி முடிப்பதற்குள் நான் கேட்டது எவ்வளவு எளிதான கேள்வி என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

கடைசி வீட்டில் ஓர் இளைஞர் என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "அண்ணா, நீங்க தமிழ்நாடா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவர். பீகாரின் சூரிய வழிபாட்டுத் திருவிழாவான சத் பூஜைக்காக மனைவி, குழந்தையோடு வந்திருக்கிறார். ஆஷா தீதியின் பட்டியலில் அந்தக் குழந்தை இல்லை. இந்த ஊரில் பிறக்கவில்லை என்பதால் இங்கே பெயர் ஏறவில்லை. ஊசி போட்டதா என்று தீதி கேட்டதும் அந்தப் பெண் ஓர் அட்டையை நீட்டினார். தீதி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தயக்கத்துடன் என் கையில் கொடுத்தார். எழுத்துகள் எல்லாம் தமிழ்.

அது திருப்பூரில் வழங்கிய தாய்சேய் நல அட்டை. ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத்து ஊசிகள் மூன்றும் நாள் தவறாமல் போடப்பட்டு, சிவப்பு மையில் கையெழுத்தும் இருந்தது. ஒன்பதாம் மாதக் கட்டத்துக்கு எதிரே அடுத்து வரவேண்டிய நாள் மட்டும் பென்சிலால் குறிக்கப்பட்டிருந்தது. அந்த நாளுக்கு இரண்டு வாரம் முன்பே கம்பெனி மாறி வேறு பகுதிக்குக் குடிபோய்விட்டார்கள். புதிய இடத்தில் எங்கே கேட்பது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. குழந்தைக்கு இப்போது பதினான்கு மாதம். இங்கே வந்த பின்னும், அட்டையை யாராலும் படிக்க முடியாததால், எல்லாம் போட்டாகிவிட்டது என்று ஒருவரும், ஒன்றுமே போடவில்லை என்று ஒருவரும் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒவ்வொரு கட்டமாக வாசிக்க, தங்கை மகள் இந்தியில் சொல்ல, தீதி தன் பட்டியலில் எழுதிக்கொண்டார். வெள்ளிக்கிழமை முகாமுக்கு வருமாறு சொன்னோம். இருபத்தொன்பது ஆண்டு அனுபவத்தைவிட, பள்ளிக்கூடத்தில் கற்ற தமிழ் எழுத்துதான் இந்தப் பயணத்தில் இதுவரை உதவியிருக்கிறது.

ஐந்தாம் நாள், வெள்ளி: சூளைக்குப் போகும் முன்

முகாம் பாந்துக்கு வெளியே, தார்ச்சாலை ஓரத்தில். ஒன்பதே காலுக்கெல்லாம் கேரியர் வந்துவிட்டது. பன்னிரண்டு மணிக்குள் இரண்டு புட்டிகள் முழுதாகத் தீர்ந்தன, ஒரு டோஸ்கூட வீணாகவில்லை. நேற்று முன்தினம் போன ஊர் இங்கிருந்து காகம் பறக்கும் தூரத்தில் ஆறேழு கிலோமீட்டர்தான் இருக்கும். திருப்பூர்க் குழந்தைக்கு முதல் டோஸ் போட்டாயிற்று. அது அழுத அழுகையில் அப்பாவும் சேர்ந்து கண் கலங்கிவிட்டார்.

பிற்பகலில் ஓய்வாக இருந்தபோது தங்கை மகள், தமிழ்நாட்டில் இப்படி ஏதும் நடந்ததில்லையா என்று கேட்டாள். நடந்தது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசிக்குப் பிறகு நான்கு குழந்தைகள் இறந்தன. நான் அப்போது வேறு மாவட்டத்தில் இருந்தேன்; ஒரே வாரத்தில் மாநிலம் முழுவதும் தாய்மார்களின் முகம் மாறிப்போனதை அங்கிருந்தே பார்த்தேன். அதன் பின் கிராமங்களில் ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் நிலையங்களில் மட்டுமே போடுவது என்று அரசு முடிவு செய்தது. அச்சம் நியாயமானது, முடிவின் நோக்கமும் நல்லதே. ஆனால் செவிலியர் வீட்டுப் பக்கம் வந்த காலம் போய், தாய் பேருந்து பிடித்துப் போக வேண்டிய காலம் வந்தது. 2005-06இல் 80.9 விழுக்காடாக இருந்த தமிழ்நாட்டின் முழுத் தடுப்பூசி அளவு 2015-16இல் 69.7க்கு இறங்கி, 2019-21இல்தான் 89.2க்கு ஏறியது. அந்த இறக்கத்துக்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சாலையும் பேருந்தும் உள்ள எங்கள் ஊரிலேயே, ஊசிக்கும் வீட்டுக்கும் இடையில் சில கிலோமீட்டர் கூடினால் என்ன ஆகும் என்பதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

மூன்று மணிக்குப் பிறகு வந்தவர்களில் பெரும்பாலோர் மூட்டை கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்கள். சத் பூஜை முடிந்ததும் செங்கல் சூளைகளுக்கான பருவம் தொடங்கிவிடும். மழைக்காலம் தொடங்கும்வரை அங்கேதான் வாழ்க்கை. ஒரு தாய் ஏழு மாதக் குழந்தையை நீட்டி, நாளை கிளம்புகிறோம், இப்போதே போட்டுவிடுங்கள் என்று கேட்டார். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் குழந்தையின் இரத்தத்தில் மிச்சம் இருக்கும்போது ஊசி சரியாகப் பிடிக்காது. ஒன்பது மாதத்திலேயே ஏறத்தாழ 85 விழுக்காட்டினருக்குத்தான் அது பலிக்கும். நோய் பரவும் காலத்தில் ஆறு மாதத்திலேயே கூடுதலாக ஒரு டோஸ் போடுவதுண்டு. 2022இல் மும்பையின் கோவண்டி போன்ற நெரிசலான பகுதிகளில் தட்டம்மை பரவியபோது, ஒன்றிய அரசு அத்தகைய டோஸுக்கு மாநிலங்களுக்கு வழிகாட்டியது. இங்கே இப்போது பரவல் இல்லை. தீதி முடியாது என்று சொன்னார்; அவர் சொன்னது சரி. அந்தப் பெண் வாதாடவில்லை. ஊசி வேண்டாம் என்பவர்களைப் பற்றி எவ்வளவோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். ஊசி கேட்டு இல்லை என்ற பதிலோடு திரும்பும் தாயை இன்றுதான் பார்த்தேன்.

ஆறாம் நாள், சனி: சஹர்சா நிலையம்

பாட்னா ரயிலுக்காக நிலையத்துக்கு வந்தால், நடைமேடையில் காலூன்ற இடமில்லை. பஞ்சாப் பக்கம் போகும் வண்டிக்காக மூட்டை முடிச்சுகளோடு குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள். 2023இல் உலகம் முழுவதும் தட்டம்மையின் முதல் டோஸைத் தவறவிட்ட குழந்தைகள் 2 கோடியே 22 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அவர்களில் யார் யார் இப்படி நடைமேடைகளில் தவறிப்போனவர்கள் என்று எந்தக் கணக்கும் பிரித்துக் காட்டுவதில்லை.

நேற்றைய பெண்ணைத் தங்கை மகள்தான் முதலில் அடையாளம் கண்டாள். குழந்தை மூட்டையின் மேல் தூங்கிக்கொண்டிருந்தது. எந்த ஊர்ச் சூளை என்று கேட்டோம். லூதியானா பக்கம் என்றார். ஊரின் பெயர் ஒப்பந்தக்காரருக்குத்தான் தெரியும், போன பிறகு சொல்வார். அட்டையை வாங்கிப் பார்த்தோம். தீதி இந்தியில் அழகாக, ஜனவரியில் ஒன்பது மாதம் முடியும் நாளைக் குறித்திருந்தார்.

நான் திருப்பூர் அட்டையை நினைத்துக்கொண்டு, பஞ்சாபில் இருக்கும் செவிலியர் இந்தியைப் படித்துவிடுவார், ஆனால் இவர்கள் அடுத்த ஆண்டு எங்கே போவார்களோ, ஆங்கிலத்திலும் எழுதிவிடு என்றேன். அவள் மூட்டையின் மேல் அட்டையை வைத்து, போட்ட ஊசிகளின் பெயர்களையும் தேதிகளையும், ஜனவரியில் போட வேண்டியதையும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதி, கீழே தன் கைப்பேசி எண்ணையும் சேர்த்தாள். எழுதி முடிக்கும்வரை அந்தப் பெண் பேனாவின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அட்டையை வாங்கி, ஆதார் அட்டை இருந்த அதே பாலித்தீன் பைக்குள் வைத்து, இரண்டாக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டார்.

அவர்களுடைய வண்டி நாற்பது நிமிடம் தாமதமாக வந்தது. முன்பதிவில்லாத பெட்டியின் வாசலில் நெரிசல் தாங்க முடியாமல், குழந்தையை ஜன்னல் வழியாகத்தான் உள்ளே கொடுத்தார்கள்.